உங்கள் கிட்டாரை வலது கைக்கு மாற்றிவிட்டேன்

என்னங்க,

இப்படித்தானே எப்போதும் கூப்பிட்டேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் பெயரை நான் வாயால் சொன்னது கல்யாணத்தன்று சர்ச்சில் மட்டும்தான். அதுவும் பாதிரியாருக்குக் காதில் விழாமல் திரும்பச் சொல்லச் சொன்னார். பக்கத்தில் நின்று நீங்கள் சிரித்தீர்கள்.

தங்கவேலு அண்ணன் தன் மெல்லிசைக் குழுவுக்கு ஆண்டு மலர் போடுகிறார். "நம்ம எட்வினைப் பத்தி நாலு வரி எழுதிக் குடும்மா எஸ்தர்" என்று கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன். உங்களைப் பற்றி எழுத வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் முதலிலேயே சொல்கிறேன். உங்கள் கிட்டாரை நான் அறுத்துவிட்டேன். ரம்பம் வைத்து, என் கையாலேயே. நீங்கள் அரக்குச் சாயம் ஏற்றி, துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய உடம்பில் இப்போது ஒரு பக்கம் புதிதாக வெட்டுப்பட்டு, பலா மரத்தின் மஞ்சள் தெரிகிறது. சாயம் ஏற்ற எனக்கு இன்னும் கை வரவில்லை.

இந்தக் கிட்டார் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மலர் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் டாக்கீஸில் ஆபரேட்டர். ராத்திரி ஆட்டம் முடித்து வந்தால் காலையெல்லாம் வீட்டில்தான் இருப்பீர்கள். கச்சேரி இருக்கிற நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டுத் தங்கவேலு அண்ணன் குழுவில் கிட்டார் வாசிப்பீர்கள், அதுவும் இரவல் கிட்டாரில். உங்களுக்கு இடது கைப் பழக்கம். அடுத்தவர் கிட்டாரில் கம்பியை மாற்றிக் கட்ட முடியாது. அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிப்பீர்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன்கள், "பாருடா, பீச்சாங்கையால வாசிக்கிறாரு" என்று கைகாட்டிச் சிரிப்பார்கள். நீங்கள் கவனிக்காத மாதிரி இருப்பீர்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் முகம் மாறும்.

கப்பலில் சமையல்காரராக இருந்த உங்கள் மாமா சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தால் கிட்டார் இல்லை, கிட்டாருக்கான துண்டு துணுக்குகள். ஒரு கழுத்து, அதில் பதிக்க வேண்டிய பித்தளைக் கம்பி, கம்பியின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் இரண்டு காந்தச் சுருள்கள், முறுக்குகிற கீ, ஒயர், ஒரு படத்தாள். உடம்புக்கான பலகையை மட்டும் வாங்குகிறவரே தேடிக்கொள்ள வேண்டுமாம். நான் ஏமாந்துபோனேன். நீங்கள் ஏமாறவில்லை. "உடம்பு அவன் குடுக்காததுதான் நல்லது எஸ்தர். குடுத்திருந்தா வலது கைக்குக் குடுத்திருப்பான்" என்றீர்கள்.

அந்தப் படத்தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சம் ஊடுருவ, பின்பக்கமிருந்து பென்சிலால் வரைந்தீர்கள். வலது இடதானது. எல்லாம் அப்படியே திரும்பி உட்கார்ந்தது. வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறிப்போகிறதே என்று நின்றிருந்தேன்.

மரவாடியில் பலாப் பலகை வாங்கிவந்து அறுத்தீர்கள், செதுக்கினீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்கள். வீடெல்லாம் மஞ்சள் தூள். நான் தைக்க வாங்கி வைத்திருந்த ஜாக்கெட் துணிகளில்கூட மஞ்சள். ஒரு சுருளில் கம்பி அறுந்திருந்தது. மோட்டார் காயில் கட்டுகிற கடையிலிருந்து முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி வாங்கிவந்தீர்கள். சுற்றுவதற்கு? பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் தறிக்கு ஊடை நூல் சுற்றும் ராட்டினம் இருந்தது. நான் போய்க் கேட்டேன்.

"பட்டு சுத்தற ராட்டினத்துல கரண்டு கம்பியா?" என்றார் ராஜம்மா. எழுந்து வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "நீ சுத்தினா அறுத்துக்கும் பொண்ணே. தள்ளிக்கோ."

அவரே உட்கார்ந்து சுற்றினார். நீங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு எண்ணினீர்கள். நடுவில் யாரோ வந்து புடவை பற்றி ஏதோ கேட்க, எண்ணிக்கை விட்டுப்போனது. "போதும்னு தோணறப்ப நிறுத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டீர்கள். அந்தச் சுருள்தான் மற்றதைவிடக் கனமாகப் பேசியது. கடைசிவரை அதைத்தான் போட்டு வாசித்தீர்கள்.

டாக்கீஸில் கழித்துப்போட்ட பழைய ஆம்பிளிஃபயரைக் கேட்டு வாங்கி வந்து பழுது பார்த்தீர்கள். எர்த் இல்லாமல் அதில் கைவைக்க என்னை விடவே இல்லை. கிணற்றடியில் இரும்புக் கம்பியைப் புதைத்து, உப்பும் கரியும் போட்டு, தினம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள். முதல் முதலாகக் கம்பியைத் தட்டியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. பிறகு ராஜம்மா வீட்டுக்காரரின் குரல் மட்டும் வந்தது. "இன்னொரு வாட்டி வாசிங்க சார்."

முதல் கச்சேரியில் வேர்வை பட்டு அரக்குச் சாயம் உங்கள் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. ரத்தம் என்று நினைத்துப் பாடகி பாட்டை நிறுத்திவிட்டாள். இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். மகனைப் பறிகொடுத்த அத்தை பார்த்துவிடுவார்களோ என்று.

மஞ்சள் காமாலையில் நீங்கள் போனதை எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது தெரியும். எனக்கு அது போதும்.

அதற்கப்புறம் கிட்டார் ஆணியில் தொங்கியது. உங்கள் பழைய வேட்டியைக் கிழித்து உறை மாதிரித் தைத்துப் போட்டேன். அத்தை தினமும் காலையில் உறையை எடுத்துத் துடைப்பார்கள், மறுபடி போடுவார்கள். தங்கவேலு அண்ணன் வந்தார். "புதுசா ஒரு ஆள் வாசிக்கிறாம்மா. கையில கிட்டார் இல்ல. சும்மா தொங்கிக்கினு இருக்குதே, குடுத்தா நல்லா வச்சிக்குவான்" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அத்தை சொல்லிவிட்டார்கள், "அது வெளிய போவாதுபா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அத்தைக்காக அல்ல, உங்களுக்காகவும் அல்ல. எனக்கு அது வேண்டியிருந்தது.

இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நீங்கள் காலையில் வாசித்துப் பழகும்போது எனக்கு எதிரே உட்காருவீர்கள். நான் தையல் மெஷினில் இருப்பேன். உங்கள் இடது கை மீட்டும், வலது கை அழுத்தும். எதிரே இருக்கிற எனக்கு அது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. என் வலது கைப் பக்கம் உங்கள் மீட்டுகிற கை. என் இடது கைப் பக்கம் உங்கள் அழுத்துகிற கை. பாபின் மாற்றுகிற சாக்கில் என் இடது கை விரல்கள் மெஷின் பலகையில் உங்கள் விரல் போகிற இடத்துக்கெல்லாம் போய்வரும். வருஷக்கணக்கில் அப்படிப் பார்த்திருக்கிறேன். பாட்டெல்லாம் விரலுக்குத் தெரியும். கம்பியை மட்டும் தொட்டதில்லை.

அத்தை சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் உறையைக் கழற்றி மடியில் வைத்தேன். கம்பியெல்லாம் துரு. உங்கள் மாதிரியே பிடித்தேன், இடது கையால் மீட்டுகிற மாதிரி. விரல் ஒன்றும் நகரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மறுபக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகும் விடாமல் முயன்றேன். உங்கள் கைப்படியே கற்றுக்கொண்டுவிட்டால் எந்தத் தப்பும் இல்லை என்று நினைத்தேன். மாதக்கணக்கில் முயன்றேன். வரவில்லைங்க. அழுத்த வேண்டிய வலது கை மரக்கட்டை மாதிரி நின்றது.

மெட்ராசுக்கு பஸ் ஏறிப்போய்ப் புதுக் கம்பி வாங்கினேன். கடைக்காரர் கேட்டார், "யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு."

"எப்படி வாசிக்கிறாரு?"

"நல்லா வாசிப்பாரு," என்றேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியும் பதிலும்தான். நீங்கள் இருக்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம்தான் உறுத்தியது. பொய் அவ்வளவாக உறுத்தவில்லை.

கம்பியை மாற்றிக் கட்டிப் பார்த்தேன். தலைப்பக்கம் கம்பி உட்காருகிற எலும்புத் துண்டில் காடிப் பள்ளங்கள் உங்கள் பக்கத்துக்கு அறுத்தவை. தடித்த கம்பி மெல்லிய காடியில் உட்காரவில்லை. பழைய கொம்புச் சீப்பின் முதுகை அறுத்துப் புதிதாக ஒன்று ராவினேன். அது உட்கார்ந்தது. ஆனால் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் முழங்கையில் இடித்தன. மேல் ஸ்வரத்துக்குக் கை போக நீங்கள் வெட்டிவைத்த வளைவு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. என் கை போக வேண்டிய பக்கத்தில் மரம் தடுத்தது. அறுக்காமல் முடியாது.

அத்தையிடம் கேட்டேன். கேட்காமல் செய்யக்கூடாது என்றுதான் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"இன்னா பண்ணப்போறே?"

"வலது கைக்கு மாத்தப்போறேன் அத்தை. நான் வாசிக்கணும்."

நான் வாசிக்க நினைப்பதைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். புருஷன் போனவள், நாலு பேர் பேசுவார்கள் என்று. அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். அவர்கள் அதைப் பேசவே இல்லை.

"அவன் சின்ன வயசுல பீச்சாங்கையால சாப்டுவான்மா. அவங்கப்பா கைய முதுவுக்குப் பின்னால கட்டிப்புட்டுதான் சோத்துல உக்கார வைப்பாரு. துணி கிழிச்சிக் குடுக்கறது நான். அழுதுக்கினே துன்னுவான். பள்ளிக்கூடத்துல அடி. எழுத்தும் சோத்துக்கையால மாத்திட்டாங்க. எல்லாத்தயும் மாத்திட்டோம். அவன் கை அவன் கையா இருந்தது இந்த ஒரு பொருளுலதான்." முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். "அதையும் சோத்துக்கைக்கு மாத்தறேன்றியே எஸ்தர்."

இதை நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லையே, ஏன்? ஜன்னலில் தாளை வைத்து அவ்வளவு நேரம் பார்த்தீர்களே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் ரம்பத்தைத் தொட்டிருக்க மாட்டேனா? தெரியவில்லைங்க. தொட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் என்னைக் குடைகிறது. அத்தை சொன்னதைக் கேட்ட பிறகும்தானே அறுத்தேன்.

ஒரு வாரம் போல சும்மா இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். அத்தை படுத்துவிட்டார்கள். நான் கிட்டாரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நீங்கள் வரைந்த அதே தாளை எடுத்து, திருப்பி, அதன் வளைவைப் பலகையில் வைத்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். ரம்பம் வைத்தேன். முதல் இழுப்பில் அரக்குச் சாயம் சீவிக்கொண்டு வந்தது. அடியில் மஞ்சள். நீங்கள் வேலை செய்தபோது வீட்டில் இருந்த அதே வாசனை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு மிச்சத்தையும் அறுத்தேன்.

குமிழ்களுக்குப் புதிய துளை போட்டு ஒயரை நீட்டிப் பற்றவைத்தேன். உங்கள் ஈயப் பற்று உருண்டு திரண்டு முத்து மாதிரி இருக்கும். என்னுடையது எறும்புப்புற்று மாதிரி இருக்கிறது. ராஜம்மா சுற்றிய சுருளில் மட்டும் கைவைக்கவில்லை. எல்லாம் முடித்து மடியில் வைத்தபோது ஒன்று கவனித்தேன். அந்தக் கழுத்து வலது கைக்கென்றே செய்யப்பட்டது. உங்களிடம் அது தலைகீழாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது கீ எல்லாம் மேல்பக்கம் வந்து, முறுக்க வாகாக, அதன் இடத்தில் அது உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உங்களுக்கு எதிராக இரண்டு பேர் சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது, நானும் அந்தக் கழுத்தும்.

அத்தை எழுந்து வந்து பார்த்தார்கள். அறுபட்ட துண்டைக் கீழேயிருந்து எடுத்து முந்தானையில் துடைத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். மூன்று நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் எடுத்து வைத்தார்கள்.

பிறகு நான் வாசித்தேன். வருஷக்கணக்கில் மெஷின் பலகையில் ஓடிய விரல்களுக்குக் கம்பி கிடைத்ததும் அவை என்னைக் கேட்கவில்லை. தோல் கிழிந்தது, காய்ப்பேறியது. தங்கவேலு அண்ணன் கேள்விப்பட்டு வந்து, வாசலில் நின்றபடியே ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "எங்கம்மா கத்துக்கினே?" என்றார். "எதிர்ல உக்காந்து," என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவருடைய புது ஆள் மெட்ராசுக்கு வேலைக்குப் போய்விட்டானாம். ஆடி மாசம் அம்மன் கோயில் கச்சேரிக்கு வருகிறாயா என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரைப் பார்த்தார்கள்.

போனேன். மேடையில் முன்னால் நிற்கத் தைரியம் இல்லை. தபேலாக்காரருக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி, பாதி இருட்டில் நின்றுகொண்டேன். "பொம்பள வாசிக்குதுடா" என்று முன்வரிசையில் ஒரு குரல். அதே மாதிரி சிரிப்பு. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உடம்பில் தெரிந்தது. முதல் இரண்டு பாட்டு உங்களை நினைத்துக்கொண்டே வாசித்தேன். ஒவ்வொரு அழுத்தலிலும் உங்கள் கை. தப்புத் தப்பாக வந்தது.

மூன்றாவது பாட்டில் இடையில் கிட்டார் தனியாகப் போக வேண்டும். தங்கவேலு அண்ணன் ஆர்மோனியத்திலிருந்து தலையசைத்தார். நான் வாசித்தேன். கை மேலே போனது, நான் அறுத்த வளைவுக்குள் புகுந்து, கழுத்தின் கடைசிக் கட்டை வரைக்கும் போனது. கூட்டம் அமைதியானது. பாட்டு முடிந்து கைதட்டல் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பாட்டில் நான் உங்களை நினைக்கவே இல்லை. ஒரு நொடிகூட இல்லை. நீங்கள் போனதிலிருந்து அவ்வளவு நேரம் உங்களை நினைக்காமல் இருந்ததே கிடையாது. அதைவிட, நான் சந்தோஷமாக இருந்தேன். முழுசாக, எந்தக் குறையும் இல்லாமல்.

மரத்தை அறுத்ததை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். சிரித்துக்கொண்டே, "பத்தவைக்கத் தெரியல பாரு" என்று வேண்டுமானால் சொல்வீர்கள். ஆனால் இதை உங்களிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கூட்டத்தில் யாராவது வந்து, எட்வின் திரும்பி வந்தாச்சு, கிட்டாரைக் கொடு என்று அந்த நேரத்தில் சொல்லியிருந்தால், பாட்டு முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கூட்டம் கலையும்போது பார்த்தேன், பந்தக்கால் ஓரத்தில் அத்தை நின்றிருந்தார்கள். வருவதாகச் சொல்லவில்லை. அம்மன் கோயில் பக்கம் அவர்கள் வந்து நான் பார்த்ததும் இல்லை. வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அத்தை நடையைக் குறைத்தார்கள்.

"நல்லாதான் இருந்துச்சு," என்றார்கள். "ஆனா அவன் மாதிரி இல்ல."

"இல்ல அத்தை."

"அவன் மாதிரி இருந்திருந்தா நான் அங்க நின்னிருக்க மாட்டேன்."

என் கையிலிருந்து கிட்டார் ஒயர் இருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். டாக்கீஸுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. உங்கள் இடத்தில் இருக்கிறவர் ரீல் மாற்றும்போது இன்னும் திரை வெள்ளையாகிவிடுகிறது, ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள். மெட்ராசில் டி.வி. வந்துவிட்டதாம், வீட்டிலேயே படம் பார்க்கலாமாம். ராஜம்மா மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எர்த் கம்பிக்குத் தினம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாணக் கச்சேரி. போகிறேன். தங்கவேலு அண்ணன் முன்னால் நிற்கச் சொல்கிறார். நிற்பேன் என்று நினைக்கிறேன். உங்களை நினைத்துக்கொண்டே வாசிப்பேன் என்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அது முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் கொடுக்கிறேன். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும், எந்தப் பாட்டில் உங்களை மறந்தேன் என்பதை வந்து உங்களிடம் சொல்லிவிடுவேன். ஒன்றைக்கூட ஒளிக்க மாட்டேன்.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவின் மருமகள்,
எஸ்தர்